ஒற்றிக்குப் போன தேசச் சொத்து

திருவொற்றியூருக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. திருவொற்றியூருக்கு மேற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பால் இருக்கிறது மணலி. அங்குள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வடித்தெடுக்கப்படும் விமான எண்ணெய், பூமிக்கடியில் பதித்த குழாய் வழியாக மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் போய்ச் சேருகிறது. சென்னையிலிருந்து கிளம்பும் விமானங்களின் இறக்கைக்குள் இந்தப் பகுதித் தொழிலாளியின் உழைப்பும் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. ஆகவே, 1953 முதல் 2022 வரையில் நமது தேசத்தின் சொந்த விமான ஸ்தாபனமாக விளங்கிய ஏர் இந்தியாவின் வாழ்வையும் வீழ்ச்சியையும் பற்றி ஆலோசிக்கத் திருவொற்றியூர் ஜனங்களுக்கு முழு உரிமை உண்டு. உரிமை மாத்திரமல்ல, அவசியமும் உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

2022 ஜனவரி 27-ம் தேதி இந்திய சர்க்கார் ஏர் இந்தியாவை டாடா கம்பெனியிடம் ஒப்படைத்தனர். அன்று முதல் இரண்டு விதமான பேச்சு நாட்டில் நடமாடி வருகிறது. 'சர்க்கார் கையில் எந்தத் தொழிலும் உருப்படாது; தொலைந்தது சனியன்' என்பது ஒரு கட்சி. 'தேசத்தின் சொத்தை முதலாளிக்குத் தாரை வார்த்து விட்டார்கள்' என்பது மற்றொரு கட்சி. இரண்டு கட்சியாரும் விற்ற நாளையே பார்க்கிறார்கள். விற்பதற்கு முன் கழிந்த வருஷங்களை யாரும் பார்ப்பதாகக் காணோம். ஒரு குடும்பத்தின் நிலம் ஏலத்துக்கு வந்த பிறகு, ஏலம் கூறியவனை வைவதிலும் ஏலத்தில் எடுத்தவனைப் புகழ்வதிலும் என்ன பயன்? அந்த நிலம் எப்போது ஒற்றிக்குப் போயிற்று, யார் கையெழுத்தால் போயிற்று, வாங்கிய கடன் எதற்குச் செலவாயிற்று என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி?

முதலில் வாழ்ந்த கதையைச் சொல்லுவோம். 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே. ஆர். டி. டாடா ஒரு சிறிய ஒற்றை இயந்திர விமானத்தில் தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து கிளம்பினார். வழியில் ஆமதாபாத்தில் இறங்கியபோது, விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் தகர டின்களில் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. அங்கிருந்து பம்பாய். பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி தபாலைப் பெற்றுக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டி வந்தார். ஆக, இந்தியர் நடத்திய முதல் ஒழுங்கான விமானத் தபாலின் ஒரு நுனி கராச்சி என்றால், மறு நுனி நமது சென்னை. சுமார் 2 லட்சம் ரூபாய் முதலுடன் தொடங்கிய அந்தக் கம்பெனி முதல் வருஷத்தில் 1,60,000 மைல் பறந்து, 155 பிரயாணிகளையும் சுமார் 10 டன் தபாலையும் சுமந்து, 60,000 ரூபாய் லாபமும் காட்டிற்று. மாட்டு வண்டியில் எண்ணெய் வந்த காலத்தில் லாபம். குழாயில் எண்ணெய் வந்த காலத்தில் நஷ்டம். இந்த விபரீதம் எப்படி நேர்ந்தது என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

1946 ஜூலையில் அது ஏர் இந்தியா என்ற பெயருடன் பொதுஜனப் பங்குக் கம்பெனியாயிற்று. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948 ஜூன் 8-ம் தேதி, 'மலபார் இளவரசி' என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினிவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. அந்த வெளிநாட்டுச் சேவைக்கென அமைக்கப்பட்ட கம்பெனியில் இந்திய சர்க்காருக்கு 49 சதவிகிதப் பங்கு. அடிமை நாடு என்று பெயர் பெற்றிருந்த தேசம், ஆண்டவனின் தலைநகருக்கே தன் கொடியைத் தாங்கிய விமானத்தை அனுப்பியது என்றால், அன்றைய தலைமுறையின் நெஞ்சு எவ்வளவு நிமிர்ந்திருக்கும் என்று சொல்லாமலே விளங்கும்.

போக்குவரத்துத் தொழில் ஒன்று தேசத்தின் மானத்தோடு பிணைந்து நிற்பது தமிழருக்குப் புதிதல்ல. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் மறு வருஷம் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கிப் பார்த்தது. சர்க்கார் அதிகாரிகள் அதன் பக்கம் நின்றனர். 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார். 1911-ல் கம்பெனி கலைந்தது. அந்த வீழ்ச்சியில் நமக்கு அவமானம் இல்லை. எதிரி அந்நியன், அவன் கையில் சட்டமும் சிறையும் இருந்தன. ஏர் இந்தியாவுக்கு அப்படிப்பட்ட எதிரி யாரும் இல்லை. சட்டம் நம்முடையது, பார்லிமெண்டு நம்முடையது, மந்திரிகள் நாம் வோட்டுப் போட்டு அனுப்பியவர்கள். ஆகவேதான் இந்த வீழ்ச்சி அதிகமாக உறுத்துகிறது.

1953 ஆகஸ்டு 1-ம் தேதி விமானத் தொழில் தேசீயமயமாக்கப்பட்டது. உள்நாட்டில் பறந்துகொண்டிருந்த எட்டுக் கம்பெனிகளின் சேவைகள் இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரே கார்ப்பொரேஷனாயின. வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியாவின் வசமாயிற்று. மசோதாவைக் கொண்டு வந்தவர் மந்திரி ஜகஜீவன் ராம். யுத்தம் முடிந்தபின் மலிவாகக் கிடைத்த விமானங்களை நம்பிப் புற்றீசல் போல் கிளம்பிய கம்பெனிகளில் பல நஷ்டத்தில் தள்ளாடின என்பதால், சர்க்கார் தலையிட நியாயம் இருந்தது. தம்மைக் கலந்தாலோசிக்காமல் முடிவு செய்துவிட்டார்கள் என்று டாடா மனம் நொந்தார். ஆயினும், நேருவின் வேண்டுகோளை ஏற்றுத் தேசீயமான ஏர் இந்தியாவின் தலைமைப் பதவியில் அவர் அமர்ந்தார். சம்பளம் வாங்காமலே கால் நூற்றாண்டு அந்தப் பதவியை வகித்தார்.

'சர்க்கார் கையில் எதுவும் உருப்படாது' என்று சொல்லும் அன்பர்கள் இந்தக் கால் நூற்றாண்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1960-ல் ஏர் இந்தியா ஜெட் விமானத்தை வாங்கிற்று. 1962-ல், ஜெட் விமானங்களை மாத்திரமே வைத்து நடத்தும் உலகின் முதல் விமானக் கம்பெனி என்ற பெயரை எடுத்தது. வளைந்த மீசையும் தலைப்பாகையுமாய்த் தலை வணங்கும் மகாராஜா சின்னத்தைக் கண்டாலே பிற தேசத்துப் பிரயாணி நம்பி ஏறினான். இதெல்லாம் நடந்தபோது அதன் சொந்தக்காரர் யார்? இந்திய சர்க்கார்தான். அப்படியானால் பிற்காலத்தில் வந்த நோய்க்குச் சர்க்கார் சொத்து என்பது மாத்திரம் காரணமாக முடியாது. அந்த நாளில் சொந்தக்காரர் ஒருவர், நடத்துகிறவர் ஒருவர் என்ற வரம்பு இருந்தது. எந்த விமானம் வாங்குவது, எந்த ஊருக்குப் பறப்பது, யாரை வேலைக்கு வைப்பது என்பதை நடத்துகிறவர் தீர்மானித்தார். அதற்குப் பதிலும் சொன்னார். 1978-ல் மொரார்ஜி தேசாய் சர்க்கார் டாடாவைப் பதவியிலிருந்து விலக்கினர். ஒரு மனிதர் போனதால் ஸ்தாபனம் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த வரம்பு அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

தேசத்துக்கென ஒரு விமான ஸ்தாபனம் இருப்பதன் பெருமையையும் இங்கே மறைக்கலாகாது. 1990 ஆகஸ்டில் ஈராக் படைகள் குவெயித்தை விழுங்கியபோது, அங்கே வயிற்றுப் பிழைப்புக்குச் சென்றிருந்த நம்மவர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர் நடுத்தெருவில் நின்றனர். அவர்களை ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரிலிருந்து 59 நாட்களில் 488 தடவை பறந்து தாய்நாடு கொண்டுவந்து சேர்த்தது ஏர் இந்தியா. லாபக் கணக்கை மாத்திரம் பார்க்கும் எந்த முதலாளி இந்தக் காரியத்தை மேற்கொண்டிருப்பான்? அந்த நாளில் கையில் ஒரு சிறு பையுடன் இறங்கிய தொழிலாளியைக் கேட்டால், தேசச் சொத்து என்றால் என்ன என்பதை எந்தப் பொருளாதாரப் புத்தகத்தையும் விட அவன் தெளிவாகச் சொல்லுவான்.

இனி வீழ்ச்சிக்கு வருவோம். 1994-ல் விமானத் தொழிலில் சர்க்காரின் ஏகபோகம் சட்டப்படி நீங்கிற்று. போட்டி வந்தது, வரவேண்டியதுதான். போட்டி வந்தால் நடத்துகிறவனுக்குக் கைகால் விடுதலை வேண்டும். ஏர் இந்தியாவுக்கோ கைவிலங்கு இறுகிற்று. தலைவர்கள் அடிக்கடி மாற்றப்பட்டனர். விமானத்தை வீட்டு வண்டி போலப் பாவிக்கும் வழக்கம் மந்திரிகளிடமும் பெரிய உத்தியோகஸ்தர்களிடமும் வேரூன்றிற்று. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் அகப்படாது.

எல்லாவற்றுக்கும் மேலாக வந்தது விமானக் கொள்முதல். ஏர் இந்தியாவுக்கு 28 விமானங்கள் வேண்டும் என்பது முதலில் போடப்பட்ட திட்டம். 2004-க்குப் பின் அந்த எண்ணிக்கை 68 ஆக உயர்ந்தது. இந்தியன் ஏர்லைன்ஸுக்கு மேலும் 43. ஆக மொத்தம் 111 விமானங்கள். பெரும்பாலும் கடன் பணம். பறப்பதற்கு வழித்தடம் உண்டா, ஏறுவதற்குப் பிரயாணிகள் உண்டா, வட்டி கட்ட வரும்படி உண்டா என்ற கேள்விகளுக்குத் திருப்திகரமான விடை இல்லாமலே கையெழுத்தாயிற்று. 2011-ல் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்ட அறிக்கையில் இந்தியாவின் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி, இந்தக் கொள்முதலை ஆரம்பத்திலேயே ஆபத்தை விதைத்த காரியம் என்ற கருத்துப்படக் கடிந்தார். அதே காலத்தில் வளைகுடா நாட்டு விமானக் கம்பெனிகளுக்கு நமது ஊர்களிலிருந்து பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் உரிமை தாராளமாக வழங்கப்பட்டதையும் அவர் சுட்டிக் காட்டினார். துபாய்க்குப் போகும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கானோர் இருக்க, அவர்கள் கொடுக்கும் கட்டணம் வேறு கொடி தாங்கிய விமானத்துக்குப் போயிற்று. ஒரு கையால் கடன் வாங்கி விமானம்; மறு கையால் அந்த விமானத்துக்கு வேண்டிய பிரயாணிகளை விட்டுக்கொடுத்தல். இப்படி ஒரு வியாபாரத்தை ஜார்ஜ் டவுன் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் ஒரு சில்லறைக் கடைக்காரன்கூட நடத்த மாட்டான்.

கொள்முதலுக்குப் பிறகு, 2007-ல், ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் ஒன்றாக இணைத்தனர். சேர்ப்பதானால் முதலில் சேர்த்துவிட்டு, பிறகு ஒரே வீட்டுக்கு எத்தனை விமானம் தேவை என்று கணக்கிட்டிருக்க வேண்டும். இங்கோ இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகச் சீர் வாங்கிய பிறகு கல்யாணம் நடந்தது. சம்பள விகிதம் வேறு, பதவி வரிசை வேறு, விமான ஜாதியும் வேறு. பெயர்ப் பலகை ஒன்றாயிற்றே தவிர, மனம் ஒன்றாகவில்லை. புதிய விமானத்தில் யாருக்குப் பயிற்சி என்ற தகராறில் 2012-ல் விமானிகள் 58 நாள் வேலை நிறுத்தம் செய்தனர். விமானிகள் செய்தது முழுவதும் சரி என்று நாம் வாதாடவில்லை. ஆனால் அந்தத் தகராறுக்கு வித்திட்டவர்கள், இணைப்பு உத்தரவில் கையெழுத்திட்டு விட்டு வேறு இலாகாவுக்குப் போனவர்களே. 2007-08-ல் 2,226 கோடி ரூபாயாக இருந்த வருஷ நஷ்டம் 2011-12-ல் 7,559 கோடியாக வளர்ந்தது. இணைப்புக்குப் பின் விற்கும் வரையில் ஒரு வருஷமாவது அந்த ஸ்தாபனம் லாபத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. 2009-10 முதல் விற்பனை வரையில் பொக்கிஷத்திலிருந்து ரொக்கமாக மாத்திரம் 54,584 கோடி ரூபாய் அதற்குள் கொட்டப்பட்டது. ஓட்டைப் பானையை அடைக்காமல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள்.

இந்தக் கதையில் திருவொற்றியூர்வாசிகள் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய கட்டம் ஒன்றுண்டு. 2019 ஆகஸ்டு 22-ம் தேதி, எண்ணெய்ப் பாக்கி தீரவில்லை என்று சர்க்கார் எண்ணெய்க் கம்பெனிகள் மூன்றும் சேர்ந்து கொச்சி, பூனா, பாட்னா, ராஞ்சி, விசாகப்பட்டினம், மொஹாலி ஆகிய ஆறு விமான நிலையங்களில் ஏர் இந்தியாவுக்கு எண்ணெய் ஊற்ற மறுத்துவிட்டன. பாக்கி ஆயிரக்கணக்கான கோடி. கொடுத்த சரக்குக்குப் பணம் கேட்டதில் குற்றம் இல்லை. ஆனால் அதே வருஷம் நவம்பர் முடிவில், ஜனாதிபதி, பிரதம மந்திரி முதலிய பெரியவர்களின் பிரயாணத்துக்காகச் சர்க்கார் இலாகாக்கள் ஏர் இந்தியாவுக்குக் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி 822 கோடி ரூபாய்! சர்க்காரின் ஒரு கை, கடன் சொல்லிச் சவாரி செய்தது. மற்றொரு கை, பாக்கி என்று சொல்லி எண்ணெயை நிறுத்திற்று. நடுவில் பெயர் கெட்டது தேசத்தின் கொடி தாங்கிய விமானத்துக்கு. இதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல, விற்பனை முடிவான பிறகு, 2021 அக்டோபர் மாதக் கடைசியில், நிதி இலாகா ஓர் உத்தரவு பிறப்பித்தது. சகல இலாகாக்களும் ஏர் இந்தியாவுக்குரிய பாக்கியை உடனே தீர்க்க வேண்டும். இனி ரொக்கம் கொடுத்தே டிக்கெட் வாங்க வேண்டும் என்று. தன்னுடையதாக இருந்தவரையில் கடன், பிறனுடையதானதும் ரொக்கம்! இந்த ஒரு உத்தரவைவிடத் தெளிவான குற்றப் பத்திரிகை வேறு வேண்டுமா?

முடிவுக் கணக்கையும் பார்ப்போம். 2018-ல் 76 சதவிகிதப் பங்கை விற்கிறோம் என்று சர்க்கார் கூவியபோது கேட்பார் ஒருவரும் இல்லை. பிறகு முழுவதையும் விற்க முன்வந்தனர். 2021 அக்டோபர் 8-ம் தேதி டாடாவின் கோரிக்கை 18,000 கோடி ரூபாய்க்கு ஏற்கப்பட்டது. அதில் 15,300 கோடி கடனை ஏற்றுக்கொள்வது. ரொக்கம் 2,700 கோடி. ஆகஸ்டு முடிவில் ஏர் இந்தியாவின் மொத்தக் கடனோ 61,562 கோடி. மீதி 46,262 கோடி எங்கே போயிற்று? சர்க்காருக்குச் சொந்தமான வேறொரு கம்பெனியின் பேரேட்டுக்கு மாற்றப்பட்டது. அந்தக் கம்பெனியிடம் நிலமும் கட்டிடமுமாக 14,718 கோடி ரூபாய்ச் சொத்து விடப்பட்டது. மிச்சம் யார் தலையில்? வரி கொடுக்கும் ஜனங்கள் தலையில்தான். காலடிப்பேட்டைச் சந்தில் சோப்பு வாங்கும் ஏழையும், வாழ்நாளில் விமானத்தில் கால் வைக்காத மீனவனும் அந்தக் கடனில் பங்காளிகள். நாளொன்றுக்கு 20 கோடி நஷ்டத்தில் நடந்த ஸ்தாபனத்தை அந்த நிலையில் வைத்திருக்க முடியாது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். விற்றது தவறு என்று சொல்வதைக் காட்டிலும், விற்றே தீர வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது மகா பாதகம் என்று சொல்வதே பொருந்தும். அந்தப் பாதகத்துக்கு இன்றுவரை ஒரு பெரிய மனிதராவது பொறுப்பேற்றதாக நாம் அறியோம்.

தனியார் கைக்குப் போனால் சகலமும் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2005-ல் ஆடம்பரமாகக் கிளம்பிய கிங்ஃபிஷர் 2012-ல் தரை தட்டிற்று. 1993 முதல் பறந்த ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ம் தேதி ஓய்ந்தது. தமிழ்நாட்டில் தோன்றிய பாரமவுண்ட் 2005-ல் பிறந்து 2010-ல் மறைந்தது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றுபோயிற்று. இவற்றின் சொந்தக்காரர் யாரும் சர்க்கார் அல்லர். கிங்ஃபிஷருக்குக் கொடுத்த கடனில் பெரும்பகுதி பொதுத்துறை வங்கிகளின் பணம். அதாவது, மறுபடியும் ஜனங்களின் பணம். டாடா கம்பெனி 2023-ல் 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது; 2024 நவம்பரில் விஸ்தாராவையும் ஏர் இந்தியாவோடு சேர்த்துக்கொண்டது. அந்த முயற்சி வெற்றி பெற வேண்டும் என்றே விரும்புகிறோம். 2025 ஜூன் 12-ம் தேதி ஆமதாபாத்தில் நேர்ந்த கோர விபத்தில் 260 உயிர்கள் பலியாயின. அந்தத் துயரத்தை எந்தக் கட்சியின் வாதத்துக்கும் கருவியாக்க நாம் ஒருப்படோம். சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. காரியம் கெட்டால் பதில் சொல்ல ஆள் உண்டா என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை இல்லாத இடத்தில் முதல் கேள்விக்கு என்ன விடை சொன்னாலும் பயன் இல்லை.

இதற்குத் திருவொற்றியூரிலேயே சாட்சி இருக்கிறது. 1955-ல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா கம்பெனி இங்கே மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையை அமைத்தது. இங்கிலாந்தில் இருந்த தாய்க் கம்பெனி 1970-ல் மறைந்தும் திருவொற்றியூர்ப் பட்டறையின் சம்மட்டி ஓசை ஓயவில்லை. ஆனால் காலப்போக்கில் வியாபாரம் இளைத்தது. 1990-களில் ஐஷர் கம்பெனியின் கைக்கு மாறிய பின்னும் நிலைமை தேறாமல், 2000-ம் வருஷத்தை ஒட்டி இதை மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற யோசனை வரையில் போயிற்று. அப்போது சொந்தக்காரர் குடும்பத்து இளைஞர் ஒருவர், ஒரு தவணை கொடுங்கள், நான் பொறுப்பு என்று முன்வந்தார். பிறகு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுப்பும் அளவுக்கு அந்தக் கம்பெனி தழைத்தது. தொழிலாளியின் கை மாறவில்லை. வாகனத்தின் பெயர்கூட மாறவில்லை. 'நான் பொறுப்பு' என்று சொல்ல ஒருவர் வந்தார். அதுவே பெரிய மாறுதல். ஏர் இந்தியாவில் பதினைந்து வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல யாரும் வரவில்லை.

இத்தனையும் நாம் விஸ்தரிப்பது பழைய துக்கத்தைக் கிளறுவதற்காக அல்ல. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலும், மேற்கே மணலியிலும், தேசச் சொத்துக்கள் வரிசையாக நிற்கின்றன. 1965-ல் சென்னை ரிபைனரீஸ் என்று தோன்றி இன்று சி. பி. சி. எல். என்று வழங்கும் எண்ணெய் ஆலை இருக்கிறது. 1966-ல் பதிவான சென்னை உரத் தொழிற்சாலை, எத்தனையோ வருஷ நஷ்டத்தைத் தாங்கி நிற்கிறது. 2001-ல் தொழில் தொடங்கி இப்போது காமராஜர் பெயர் தாங்கும் எண்ணூர்த் துறைமுகம் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தில் தமக்கிருந்த 67 சதவிகிதப் பங்கை இந்திய சர்க்கார் 2020 மார்ச்சில் 2,383 கோடி ரூபாய்க்குச் சென்னைத் துறைமுகத்துக்கு விற்றனர். சர்க்கார் சொத்தை மற்றொரு சர்க்கார் ஸ்தாபனம் வாங்கிற்று. பணம் பொக்கிஷத்துக்குப் போயிற்று. இது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. இந்த வட்டாரத்து ஜனங்களில் எத்தனை பேர் அதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டார்கள் என்பதே நமது கவலை.

பொதுச் சொத்து என்ற பெயர் இருந்தால் பொறுப்பும் தானே வந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் வலையையும் படகையும் பாழாக்கிற்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலி எண்ணெய் ஆலையின் பக்கம் விரல் நீட்டிற்று. தேசத்தின் ஆலை, தேசத்தின் மீனவன். ஆனாலும் நிவாரணத்துக்காக அவன் தெருவில் நின்று குரல் எழுப்ப வேண்டியிருந்தது. பதில் சொல்லும் கடமை இல்லாத சொத்து, யார் பெயரில் இருந்தாலும் ஏழைக்கு அந்நியமே.

ஆகவே சில ஏற்பாடுகளை வற்புறுத்துகிறோம். முதலாவது, சர்க்கார் ஒரு பொது ஸ்தாபனத்தினிடம் லாபமில்லாத காரியத்தைச் செய்யச் சொன்னால், குவெயித்திலிருந்து ஜனங்களை மீட்டது போன்ற உத்தமமான காரியமானாலும் சரி, அதற்கான செலவைத் தனிக் கணக்கில் எழுதி அந்த வருஷமே கொடுத்துத் தீர்க்க வேண்டும். இரண்டாவது, ஸ்தாபனத் தலைவருக்கு நிச்சயமான பதவிக் காலமும், தமது துறையில் முடிவு செய்யும் சுதந்திரமும் வேண்டும். மந்திரியின் உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி உத்தரவு செல்லாது. மூன்றாவது, கணக்குத் தணிக்கை அறிக்கை அலமாரியில் உறங்கக் கூடாது. குறித்த காலத்துக்குள் பார்லிமெண்டில் விவாதித்து, தவறான முடிவுக்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லித் தீர்மானிக்க வேண்டும். நான்காவது, ஒரு பெரிய கடனோ கொள்முதலோ நடப்பதற்கு முன் அதன் விவரம் ஜனங்களுக்குத் தமிழிலும் பிற தேச பாஷைகளிலும் தெரிவிக்கப்பட வேண்டும். இவையெல்லாம் நடக்கக்கூடிய காரியங்களா என்று கேட்பவர்களுக்கு, 46,262 கோடி ரூபாய்க் கடனை ஏழைகள் தலையில் கட்டியது நடந்ததே, இது ஏன் நடவாது என்பதே நமது பதில்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். விற்கிறார்கள் என்ற செய்தி வந்த பின் வாயிலில் கூடிக் கோஷம் போடுவது எளிது. கடன் பத்திரம் கையெழுத்தாகும் நாளில் விழித்திருப்பதே அரிது; அதுவே அவசியம். ஏர் இந்தியாவில் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஆனால் 111 விமானங்கள் வாங்கப்பட்டபோது, இந்தக் கடனை யார் தீர்ப்பது என்று கேட்டு எழுந்த குரல் சம்பளத் தகராறின் இரைச்சலில் எட்டில் ஒரு பங்குகூட ஒலிக்கவில்லை. ஸ்தாபனம் கைமாறிய நாளில் அதில் இருந்த 12,085 ஊழியர்களுக்கும் ஒரு வருஷ காலம் வேலைக்கு உறுதி என்ற நிபந்தனையே மிஞ்சியது. கூலியைக் கேட்பது தொழிலாளியின் உரிமை. ஐந்தொகையைக் கேட்பதும் அவனுடைய உரிமையே. பின்னதை விட்டவனுக்கு முன்னதும் நிலைக்காது.

ஒற்றி என்ற சொல்லுக்கு அடமானம் என்று பொருள். திருவொற்றியூரின் பெயருக்குப் பெரியோர் வேறு பொருளும் கூறுவர். இங்கே கோயில் கொண்ட இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்ற திருநாமமும் வழங்குகிறது. அந்த ஊரில் பிறந்தவர்கள் பொதுச் சொத்தின் கணக்கெழுத்தை அறியக் கூசலாகாது. சிவன் சொத்து குல நாசம் என்று நம் முன்னோர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தினால் கோயில் நிலங்கள் ஓரளவாவது பிழைத்தன. தேசச் சொத்தைத் தின்பவனுக்கு அப்படிப்பட்ட அச்சம் ஒன்றும் இல்லை. அந்த அச்சத்தை அவன் மனத்தில் உண்டாக்கக் கூடியவர்கள், கணக்கைக் கேட்கும் ஜனங்கள் மாத்திரமே. மகாராஜா கைமாறிவிட்டார், அவரை மீட்பது இனி நம் கையில் இல்லை. மணலியும் எண்ணூரும் இன்னும் நம் பெயரில் இருக்கின்றன. அவை ஒற்றிக்குப் போகாமல் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.